கிளைடர் சரியாக மிதக்காதபோது: வீட்டுச் சிமுலேட்டருக்கான பிழை நீக்கும் வழிமுறை

இயந்திரம் பூட்டிய விமானமொன்றை வீட்டுச் சிமுலேட்டருக்காக வடிவமைப்பவர் இழுவையில் பத்துச் சதவீதம் பிழைவிட்டாலும், த்ரொட்டிலைச் சற்று முன்தள்ளியதும் அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இயந்திரமில்லாத கிளைடரில் அதை மறைக்க எதுவும் இல்லை. எடையில், இறக்கையின் பரப்பில், புவியீர்ப்பு மையத்தில் இருக்கும் ஒவ்வொரு சிறு தவறும் நேராக உயர இழப்பாக வெளிப்படும். அதனால்தான் கிளைடர் வடிவமைப்பில் பிழை தேடும் ஒழுங்கு மிக முக்கியமானது: முதலில் திணிவும் அளவுகளும், அடுத்து அமைதியான வளியில் மிதப்பு, அதன் பின்னரே எழுகாற்றும் (கிளைடரை உயர்த்தும், மேலெழும் வளி) கருவிகளும். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, எழுகாற்று பலவீனமாக இருக்கிறது என்று அதைக் கூட்டிக்கொண்டே போகிறவர், பிழையான கிளைடருக்குப் பொருத்தமான பிழையான வானத்தை உருவாக்கி முடிப்பார்.

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது ஜெர்மனியின் ஷ்லைக்கர் நிறுவனம் தயாரிக்கும், 1979இல் முதன்முதல் பறந்த ஏஎஸ்கே 21 என்னும் இரட்டை இருக்கைப் பயிற்சிக் கிளைடர். அதன் இறக்கை நீளம் 17 மீற்றர், இறக்கைப் பரப்பு 17.95 சதுர மீற்றர், வெற்று எடை ஏறத்தாழ 360 கிலோகிராம், சிறந்த மிதப்பு விகிதம் 34, அதாவது ஒரு மீற்றர் இறங்குவதற்குள் 34 மீற்றர் முன்னே போகும். பறக்கும் இடம் திருகோணமலை; புறப்படும் ஓடுபாதை சீனக்குடா. எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசொஃப்டின் பழைய பிளைட் சிமுலேட்டர் எக்ஸ்), புதிய மைக்ரோசொஃப்ட் பிளைட் சிமுலேட்டர் ஆகியவற்றின் அமைவுக் கோப்புகளை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன். எக்ஸ்-பிளேன் என்னும் மற்றொரு சிமுலேட்டர் வேறுபடும் இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

அறிகுறி: மிதப்பு விகிதம் பொருந்தவில்லை

கிளைடர் இறங்கவே மறுக்கிறது, அல்லது அதிவிரைவாக இறங்குகிறது என்ற முறைப்பாடே மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். எந்த எண்ணையும் மாற்றுவதற்கு முன் ஓர் அளவீடு வேண்டும். வானிலையை முழுவதுமாக அணைத்து, காற்றைப் பூச்சியமாக்கி, வெப்பநிலையை நியம வளிமண்டலத்தின் 15 பாகையில் வையுங்கள். திருகோணமலையின் வழக்கமான 30 பாகையை விட்டுவைத்தால் வளியின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்து சதவீதம் குறைந்து, அதே கருவி வேகத்தில் உண்மை வேகமும் இறங்கு வீதமும் இரண்டரைச் சதவீதம் கூடும். அதைப் பிழையென்று நினைத்துத் திருத்தத் தொடங்கிவிடுவீர்கள். பின்னர் கோணேஸ்வரம் இருக்கும் சுவாமிமலை முனைக்கு மேலே 600 மீற்றருக்குச் சற்றுக் கூடிய உயரத்தில் கிளைடரை வைத்து, கிழக்கே கடலை நோக்கி மணிக்கு 90 கிலோமீற்றரில் நேராகப் பறக்கவிடுங்கள். கடலைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அங்கே மலைச்சரிவு தரும் எழுகாற்றுமில்லை, வெயிலில் சூடாகும் தரையுமில்லை என்பதே.

600 மீற்றரிலிருந்து 300 மீற்றருக்கு இறங்கும் வரையான தூரத்தை அளவிடுங்கள். 34 என்ற விகிதம் சரியாக இருந்தால் அத்தூரம் 10.2 கிலோமீற்றராக இருக்க வேண்டும். தொடங்கும் வேகமும் முடியும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும்: தொடக்கத்தில் 100, முடிவில் 90 என்றிருந்தால் அந்த வேக வித்தியாசம் மட்டுமே ஏழரை மீற்றர் உயரத்துக்குச் சமமான இயக்கசக்தி, அதாவது இரண்டரைச் சதவீதப் பிழை. நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி சிமுலேட்டரின் வேகப்படுத்தும் வசதியை இந்த அளவீட்டில் பயன்படுத்த வேண்டாம்.

விடை மிகப் பெரிதாகப் பிசகினால் அது அநேகமாக அலகுப் பிழை. இந்தக் கோப்புகள் அடியையும் இறாத்தலையும் எதிர்பார்க்கின்றன; நமது கையேடுகளோ மீற்றரிலும் கிலோகிராமிலும் இருக்கின்றன. 17.95 என்ற எண்ணை அப்படியே எழுதிவிட்டால், சிமுலேட்டர் அதை 17.95 சதுர அடியாகக் கொள்ளும். பரப்பு பத்திலொன்றுக்கும் குறைந்து, கிளைடர் தரையை விட்டு எழுவதற்கே உண்மையைவிட 3.3 மடங்கு வேகம் கேட்கும். சரியான எண் 193.2 சதுர அடி; இறக்கை நீளம் 55.8 அடி, வெற்று எடை 794 இறாத்தல். இறக்கை நீளத்தின் வர்க்கத்தைப் பரப்பால் வகுத்து, விடை 16.1 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வேறெதையும் தொட வேண்டாம்.

அலகுகள் சரியாகவும் விடை பத்து இருபது சதவீதம் பிசகியும் இருந்தால், இழுவையைப் பிரித்துப் பார்க்கும் வேலை தொடங்குகிறது. கிளைடரின் இழுவை இரண்டு வகை. உடலும் இறக்கைத் தோலும் தரும் இழுவை வேகத்தோடு கூடும். தூக்குவிசையை உண்டாக்குவதற்கு விலையாகச் செலுத்தும் தூண்டல் இழுவை வேகம் குறையக் குறையக் கூடும். சிறந்த மிதப்பு வேகத்தில் இரண்டும் சமம். இந்தச் சமநிலையைக் கொண்டு கணக்கிட்டால், இறக்கை எவ்வளவு திறமையாகத் தூக்குவிசை தருகிறது என்பதைக் காட்டும் ஒஸ்வால்ட் எஃபிஷியன்சியை 0.9 என எடுக்கும்போது ஏஎஸ்கே 21இன் உடல் இழுவைக் குணகம் 0.0098 என வருகிறது. விமானியோடு 470 கிலோகிராம் திணிவுக்கு, இந்தக் குணகம் தரும் சிறந்த மிதப்பு வேகம் மணிக்கு 90 கிலோமீற்றர். மிகக் குறைந்த இறங்கு வீதம் மணிக்கு 68 கிலோமீற்றரில் செக்கனுக்கு 0.65 மீற்றர். உண்மைக் கிளைடருக்குச் சொல்லப்படும் எண்களோடு இவை அருகருகே நிற்கின்றன. எனவே இந்த எளிய இரண்டு பகுதிச் சமன்பாட்டை முதல் வரைவுக்கு நம்பிக்கையோடு பயன்படுத்தலாம் என்பது என் முடிவு.

திருத்தும்போது வேகமான முனையிலிருந்து தொடங்குங்கள். மணிக்கு 150 கிலோமீற்றரில் மொத்த இழுவையில் தூண்டல் இழுவையின் பங்கு எட்டிலொன்றுக்கும் குறைவு. அங்கே மேற்சொன்ன கணக்கின்படி மிதப்பு விகிதம் 22க்குச் சற்றுக் குறைவாகவும் இறங்கு வீதம் செக்கனுக்கு 1.9 மீற்றராகவும் இருக்க வேண்டும். அது பொருந்தும் வரை, உடல் இழுவையைப் பெருக்கும் எண்ணான பரசைட் டிராக் ஸ்கேலரை மட்டும் மாற்றுங்கள். அதன் பின் 70 கிலோமீற்றருக்கு வாருங்கள். அங்கே இழுவையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தூண்டல் இழுவை, ஆதலால் தூண்டல் இழுவையின் பெருக்கியான இண்டியூஸ்ட் டிராக் ஸ்கேலரை மட்டும் மாற்றுங்கள். 90 கிலோமீற்றரைத் தொட வேண்டாம். இரு முனைகளும் சரியாகியிருந்தால் அது தானே சரியாகும். இரண்டையும் ஒன்றாக 90இல் வைத்துத் திருத்துகிறவர்களின் கிளைடர் அந்த ஒரு வேகத்தில் மட்டும் உண்மையாகப் பறந்து, எழுகாற்றில் மெதுவாக வட்டமிடும்போதும் இரு எழுகாற்றுகளுக்கிடையே விரைந்து ஓடும்போதும் பொய்யாகப் பறக்கும்.

இரண்டு விமானிகளோடு 600 கிலோகிராமில் மீண்டும் பறந்து பாருங்கள். விகிதம் மாறக்கூடாது, சிறந்த வேகம் மட்டும் 90இலிருந்து 102க்கு ஏற வேண்டும். விகிதமும் சேர்ந்து மாறினால் இழுவை அட்டவணையில் இன்னும் தவறு இருக்கிறது.

எக்ஸ்-பிளேனில் இத்தகைய பெருக்கி எண்களைத் தேடிப் பயனில்லை. அது இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் விசையையும் தானே கணக்கிடுகிறது. அங்கே மிதப்பு பொருந்தாவிட்டால் அதன் வடிவமைப்புக் கருவியான பிளேன் மேக்கரில் கொடுத்த ஏர்ஃபொயில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்) கோப்பைத்தான் பார்க்க வேண்டும். ஒரு மீற்றர் அகல இறக்கை 90 கிலோமீற்றரில் செல்லும்போது, அளவையும் வேகத்தையும் பொறுத்து வளியோட்டத்தின் தன்மையைக் குறிக்கும் ரெனோல்ட்ஸ் எண் ஏறத்தாழ 17 இலட்சம். 60 அல்லது 90 இலட்சத்துக்குத் தயாரித்த கோப்பைப் பொருத்தியிருந்தால் இழுவை உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

ஒரே கோப்பு உங்கள் கணினியில் ஒருவிதமாகவும் நண்பரின் கணினியில் வேறுவிதமாகவும் பறந்தால், மைக்ரோசொஃப்ட் சிமுலேட்டரின் பறப்பு மாதிரித் தெரிவில் ஒருவர் மொடர்னையும் மற்றவர் லெகசியையும் வைத்திருக்கக்கூடும். கோப்பைத் திருத்துவதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

அறிகுறி: மூக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது

அலைவுக்காலத்தை ஒரு கடிகாரத்தால் அளவிடுங்கள். மணிக்கு 90 கிலோமீற்றரில் ஏறத்தாழ 11 செக்கனுக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கினால் அது பிழையில்லை. வேகத்துக்கும் உயரத்துக்கும் இடையே சக்தி மாறி மாறிப் போவதால் எல்லா விமானங்களிலும் தோன்றும் நீண்ட அலைவு அது. இழுவை குறைந்த கிளைடரில் இன்னும் மெதுவாகத்தான் அடங்கும். அதை அடக்குவதற்காகப் பிட்ச் ஸ்டெபிலிட்டியை (மூக்கின் ஏற்ற இறக்கத்தை நிலைப்படுத்தும் எண்) கூட்டினால், எழுகாற்றின் விளிம்பில் மூக்கு காட்டும் மெல்லிய அசைவும் செத்துவிடும். அந்த அசைவை உணர்ந்துதான் விமானி திரும்புகிறார்.

ஓரிரு செக்கனுக்குள் துடித்தால் அது உண்மைப் பிழை. புவியீர்ப்பு மையத்தை முதலில் பாருங்கள். இந்தக் கோப்புகளில் முன்பக்கம் நேர் எண், பின்பக்கம் எதிர் எண்; குறி மாறிவிட்டால் மையம் இறக்கைக்குப் பின்னால் போய், மூக்கு ஒருமுறை விலகினால் திரும்பி வராது. மையம் சரியென்றால் சடத்துவத் திருப்பத்தை, அதாவது சுழற்சிக்குக் கிளைடர் காட்டும் எதிர்ப்பை, பாருங்கள்.

அறிகுறி: உருளும்போது ஒரு சிறு விளையாட்டு விமானம்போல் நடந்துகொள்கிறது

இதற்கும் சடத்துவத் திருப்பமே காரணம். உருள் அச்சுக்குரிய எண்ணை ஏதோ ஒரு சிறு விமானத்திலிருந்து பிரதி செய்திருப்பார்கள். 17 மீற்றர் நீள இறக்கை 200 கிலோகிராம் என்றும் அத்திணிவு சீராகப் பரவியிருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், திணிவை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுக்க ஏறத்தாழ 4800 கிலோகிராம் சதுர மீற்றர் வரும். கோப்பு எதிர்பார்க்கும் ஸ்லக் சதுர அடிக்கு மாற்ற அதை 1.356ஆல் வகுங்கள்: 3550 அளவில் வரும். இறக்கை நுனியை நோக்கிக் குறுகுவதால் உண்மை எண் இதைவிடக் குறையும். ஆனால் தொடங்குவதற்கு இது போதும். அதோடு, எயிலரொனை (இறக்கையின் பின்விளிம்பில் உருளச் செய்யும் தகடு) மட்டும் அசைத்தால் மூக்கு முதலில் எதிர்ப்பக்கம் போக வேண்டும். போகாவிட்டால் நீண்ட இறக்கையின் எதிர்த்திருப்பம் உங்கள் மாதிரியில் இல்லை. பாதத்தால் சுக்கானை மிதிக்காமலே திரும்பப் பழகுகிறவருக்கு அது தீங்கு.

அறிகுறி: ஓடுபாதையில் நடுங்குகிறது, துள்ளுகிறது

சில்லு தரையைத் தொடும் புள்ளிகளில் நிலையான அமுக்கம் (கிளைடர் நிற்கும்போது வில் அமுங்கும் அளவு) என்ற எண்ணைப் பாருங்கள். சிமுலேட்டர் வில்லின் விறைப்பை அந்த எண்ணிலிருந்தே கணக்கிடுகிறது. அது மிகச் சிறிதாக இருந்தால் வில் அளவுக்கு மீறி விறைத்து, திரையின் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கிளைடரை மேலே எறியும். அமுக்கத்தைக் கூட்டி, தணிப்பு விகிதத்தையும் கூட்டுங்கள். இறக்கை நுனிக்குத் தொடுபுள்ளி கொடுக்க மறந்தால் இறக்கை தரைக்குள் புதையும்.

அறிகுறி: வேரியோமீற்றர் பொய் சொல்கிறது

ஏறும் அல்லது இறங்கும் வீதத்தைக் காட்டும், கிளைடர் விமானியின் கண் அதிகமாகத் தங்கும் கருவி இது. அமைதியான வளியில் மணிக்கு 144 கிலோமீற்றரில் பறந்துகொண்டிருக்கும்போது மூக்கைத் தூக்கி 90க்கு வந்தால், கிளைடர் ஏறத்தாழ 50 மீற்றர் ஏறும். அது எழுகாற்று இல்லை. வேகம் உயரமாக மாறியது. நல்ல வேரியோமீற்றர் உயரத்தோடு வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு ஆர்முடுகலின் இருமடங்கால் வகுத்துக் கூட்டி, அந்த மொத்தச் சக்தி மாறும் வீதத்தைக் காட்ட வேண்டும்.

இந்தச் சோதனையைக் கடலுக்கு மேல் செய்து ஊசியைக் கவனியுங்கள். மூக்கைத் தூக்கியதும் ஊசி மேலே பாய்ந்தால், வேக மாற்றத்தை ஈடுசெய்தல் நடக்கவேயில்லை. கருவி வெறும் செங்குத்து வேகத்தைப் படிக்கிறது. மூக்கைத் தூக்கியதும் ஊசி கீழே விழுந்தால் ஈடுசெய்தல் அளவுக்கு மீறியது. வேகத்தை நொட்டில் எடுத்து மீற்றருக்கு மாற்றாமல் வர்க்கப்படுத்தியிருப்பதே இதற்கு வழக்கமான காரணம். அப்போது வேகப் பகுதி 3.8 மடங்கு பெருத்துவிடும். சற்றே மேலே போய்த் திரும்பினால் உண்மை வேகத்துக்குப் பதில் கருவி வேகத்தைப் பயன்படுத்தியிருக்கலாம்.

ஊசி நடுங்கினால் சமப்படுத்தும் வடிகட்டியை ஒன்று முதல் இரண்டு செக்கன் நேரமாறிலியோடு அமையுங்கள். அதைச் சட்டகங்களின் எண்ணிக்கையால் எழுதாமல் கடந்த நேரத்தால் எழுத வேண்டும். எஃப்எஸ்எக்ஸ் கருவிகள் செக்கனுக்குப் பதினெட்டு முறை புதுப்பிக்கப்படுகின்றன; புதிய சிமுலேட்டர்களில் அந்த வீதம் கணினிக்குக் கணினி மாறும். பறப்பை நிறுத்திவைத்து மீண்டும் தொடங்கியதும் ஊசி உறைந்துபோனால், கடந்த நேரம் பூச்சியமாகி வகுத்தல் உடைந்திருக்கிறது. நேரம் பூச்சியமென்றால் பழைய மதிப்பை அப்படியே வைத்திருக்கும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

கிளைடரின் இறங்கு வீதத்தைக் கழித்து வளியின் அசைவை மட்டும் காட்டும் நெட்டோ கருவியில், நேராகப் பறக்கும்போது சரியாகவும் வட்டமிடும்போது குறைவாகவும் காட்டுகிறது என்ற குறை அடிக்கடி வரும். 45 பாகை சரிவில் கிளைடர் தன் எடையின் 1.41 மடங்கைத் தாங்குகிறது. மிகக் குறைந்த இறங்கு வீதம் ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. நேர்ப் பறப்பின் அட்டவணையை மட்டும் வைத்துக் கணக்கிடும் கருவி இந்த மேலதிக இறக்கத்தை வளியின் தலையில் போட்டுவிடும். சுமைக் காரணியைப் படித்து, வேகத்தை அதன் வர்க்கமூலத்தாலும் இறங்கு வீதத்தை அதன் ஒன்றரை அடுக்காலும் திருத்துங்கள்.

அறிகுறி: எழுகாற்று தவறான இடத்தில், தவறான நேரத்தில் வருகிறது

திருகோணமலைக்கு எழுகாற்றுத் துணைமென்பொருள் எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியில் பொறுமையாக இருக்க வேண்டும். மதியம் வானம் செத்துக் கிடந்து, மாலை ஆறரை மணிக்கு எழுகாற்று உச்சத்தில் இருந்தால், உங்கள் நிரல் சர்வதேச நேரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நேர வலயத்தை முழு மணிகளாக மட்டும் கையாளும் நிரலில் அந்த அரை மணி தொலைந்துபோகும். நேர வலயத்தையே விட்டுவிட்டு, நெடுங்கோட்டிலிருந்து சூரியனின் உயரக் கோணத்தைக் கணக்கிடுவதே நல்லது.

எழுகாற்று கொட்டியாரக் குடாவின் மேலும் கந்தளாய்க் குளத்தின் மேலும் தோன்றி, குளத்துக்கு அப்பாலுள்ள காய்ந்த தரையில் தோன்றாவிட்டால், நிலப்பயன்பாட்டுத் தரவின் வகை எண்கள் இடம்மாறியிருக்கின்றன. தம்பலகாமம் வயல்வெளியை எப்படி வகைப்படுத்துவது என்பது உண்மையிலேயே சிந்திக்க வேண்டியது: நீர் நிற்கும் காலத்தில் அது குளத்தைப்போல் நடந்துகொள்ளும், அறுவடை முடிந்து காய்ந்தபின் நல்ல எழுகாற்றைத் தரும். ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணைக் கொடுக்கும் துணைமென்பொருளை நான் முழுமையானதாகக் கொள்ளமாட்டேன்.

உப்புவெளி, நிலாவெளிக் கரையோரத்தில் பிற்பகலிலும் எழுகாற்று பலமாக இருந்தால் கடற்காற்று உங்கள் மாதிரியில் இல்லை. குளிர்ந்த கடல்வளி உள்ளே வரும்போது கரையோர எழுகாற்று அடங்கி, கடல்வளியும் எதிரே வரும் மேற்குக் காற்றும் சந்திக்கும் கோட்டில் வளி மேலெழும். தென்மேற்குப் பருவக்காற்றான கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மலைநாட்டைக் கடந்து காய்ந்து சூடாகி வரும் காற்று கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்தக்கூடும். முகில் அடியும் உயரும். முகில் அடியைக் கணக்கிட, வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் உள்ள வித்தியாசத்தின் ஒவ்வொரு பாகைக்கும் 125 மீற்றர் கொள்ளுங்கள்: 33க்கு 24 என்றால் 1125 மீற்றர், 36க்கு 21 என்றால் 1875 மீற்றர். எல்லா நாட்களுக்கும் எழுகாற்றின் உச்சியை ஒரே உயரத்தில் வைத்தால் கச்சான் நாளும் வாடைக்கால நாளும் ஒன்றாகிவிடும்.

எழுகாற்று இருந்தும் வட்டமிட்டு ஏற முடியவில்லையென்றால் ஆரையைச் சரிபாருங்கள். மணிக்கு 90 கிலோமீற்றரில் 40 பாகை சரிவில் திரும்பும் கிளைடரின் வட்டம் 76 மீற்றர் ஆரையுள்ளது. 30 பாகையில் 110 மீற்றர். எழுகாற்றின் ஆரையை 60 மீற்றரென்று எழுதியிருந்தால் எந்த விமானியாலும் அதற்குள் நிற்க முடியாது.

சுவாமிமலையின் செங்குத்துப் பாறையில் கடற்காற்று மோதியும் எழுகாற்று கிடைக்காவிட்டால், நிரலைக் குறைசொல்லுமுன் நிலத் தரவைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு விண்ணோடம் எடுத்த உயரத் தரவில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 30 மீற்றர். நிமிர்ந்து நிற்கும் பாறை அதில் சரிந்த மேடாகிவிடும். அந்த முனையைக் கையால் திருத்திய நிலத் துண்டு ஒன்றைச் சேர்த்த பிறகே சரிவு எழுகாற்றைச் சோதிக்கலாம்.

இருவர் இணைந்து பறக்கும்போது ஒரே இடத்தில் ஒருவர் ஏற மற்றவர் இறங்கினால், எழுகாற்றின் இடங்களை இரு கணினிகளும் தனித்தனியே எழுந்தமானமாகத் தெரிவு செய்கின்றன. எழுந்தமான எண்களைத் தொடங்கிவைக்கும் முதல் எண்ணை நாளிலிருந்தும் நிலக்கட்டத்தின் ஆள்கூறுகளிலிருந்தும் எடுங்கள். சீனக்குடாவில் இருப்பவருக்கும் கிண்ணியாவில் இருப்பவருக்கும் அப்போது ஒரே வானம் கிடைக்கும். ஆள்கூறுகளைக் கட்ட எண்ணாக மாற்றும்போது இருவரும் ஒரே முறையில் முழுமையாக்க வேண்டும். கட்ட எல்லைகளில் மட்டும் முரண்பாடு தெரிந்தால் காரணம் அதுவே.

அறிகுறி: வின்ச் கயிறு மூக்கைக் கட்டுக்கடங்காமல் தூக்குகிறது

தரையிலுள்ள வின்ச் இயந்திரம் கிளைடரை இழுத்து ஏற்றும் கயிறு மாட்டும் கொக்கியின் இடம் புவியீர்ப்பு மையத்துக்குப் பின்னால் போயிருக்கிறது. அதை மையத்துக்குச் சற்று முன்னும் கீழும் வையுங்கள். ஆயிரம் மீற்றர் கயிற்றில் 300 முதல் 400 மீற்றர் உயரம் கிடைத்தால் விசை சரி.

அறிகுறி: தரையிறங்கும்போது வளித்தடை போதாது

வளித்தடைத் தகடுகளைத் திறந்ததும் இழுவை மட்டும் கூடி, தூக்குவிசை குறையாமல் இருந்தால் கிளைடர் ஓடுபாதைக்கு மேலே நீண்ட தூரம் மிதக்கும். தகட்டின் இழுவைக் குணகத்தோடு தூக்குவிசைக் குணகத்துக்கும் ஓர் எதிர் எண்ணைக் கொடுத்து, மீண்டும் அதே கடலின் மேல், அதே 90 கிலோமீற்றரில், தகடுகளை முழுவதும் திறந்து 300 மீற்றர் இறங்கும் தூரத்தை அளவிடுங்கள்.